விளையாட்டுப் பொருளா, விளையாட வரும் ஆளா: துயருற்ற பிள்ளைக்கு ஏற்ற வழியைத் தெரிவு செய்தல்

2005 ஆம் ஆண்டின் முற்பகுதியில், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு நலன்புரி முகாமில், முன்பள்ளி ஆசிரியையாகச் சில மாதங்கள் பணியாற்றினேன். ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த உதவிப் பொருட்களுள் விளையாட்டுப் பொருட்களும் பெட்டி பெட்டியாக இருந்தன. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொன்னிறக் கூந்தலுடைய பொம்மையொன்று கிடைத்தது. “உறையைக் கழற்றினா பழுதாப் போயிரும் மகள்” என்று தாய் சொன்னதால், அது பொலித்தீன் உறையோடு கூடாரக் கம்பியில் தொங்கியபடியே இருந்தது. பிள்ளை விளையாடியதோ கூடாரத்துக்குப் பின்னால், மூன்று கற்களை அடுப்பாக வைத்து, சிரட்டையில் மண் சோறு ஆக்கி. நாள்தோறும் நான்கு சிரட்டைகளில் சோறு பகிர்ந்தாள். அவளது குடும்பத்தில் அப்போது எஞ்சியிருந்தவர்கள் மூவர். நான்காவது சிரட்டைக்கு முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “சாப்பிட்டு முடிஞ்சுது” என்று தானே எடுத்துக் கழுவி வைப்பாள்.

இன்று ஏறாவூரிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ என்னிடம் வந்து கேட்கும் பெற்றோர், பெரும்பாலும் வேறு இழப்புகளைச் சொல்கின்றனர்: விபத்தில் இறந்த தந்தை, வெள்ளத்தில் போன வீடு, மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்ற தாய், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி, 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பின் பின்னர் இன்னும் ஞாயிறு காலைகளில் நடுங்கும் ஒரு குடும்பம். கேள்வி மட்டும் ஒன்றேதான். பிள்ளை பேசுவதில்லை, படுக்கையை நனைக்கிறது, தம்பியை அடிக்கிறது. விளையாட்டால் குணப்படுத்தலாம் என்கிறார்களே, எங்கே போவது, எதை வாங்குவது? விளையாட்டுப் பொருட்களை வாங்கிக் கொடுத்து விடுவது, ஊரிலோ பாடசாலையிலோ நடக்கும் குழுச் செயற்பாட்டில் சேர்ப்பது, பயிற்சி பெற்ற ஒருவரிடம் தனியாக அழைத்துச் செல்வது, வீட்டிலுள்ள பெரியவரே முறையாக விளையாடக் கற்றுக்கொள்வது என்னும் வழிகளையும், இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்கப்பட வேண்டிய பேச்சுவழிச் சிகிச்சையையும் இங்கே ஒப்பிட முயல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எமது மாவட்டங்களின் நிலைமையில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டிலுள்ள ஒருவர் முறையைக் கற்றுக்கொண்டு வாரம் அரை மணி நேரம் விளையாடுவதே முதல் தெரிவாக இருக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு அது போதாது, அந்தச் சிலரை அடையாளம் காண்பதில் தாமதிக்கக் கூடாது.

சிறுபிள்ளைக்குத் தன் துயரத்தைச் சொல்லச் சொற்கள் போதா. ஆனால் சிரட்டையையும் மண்ணையும் கொண்டு நடந்ததை மீண்டும் நடத்திப் பார்க்கவும், நடவாததை நடத்திப் பார்க்கவும் அதனால் முடியும். இலண்டனில் மருத்துவராகப் பணியாற்றிய மார்கரெட் லோவன்பெல்ட், 1929 அளவில் மணல் தட்டையும் சிறு உருவங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் அமைத்ததை “உலகம்” என்றே அழைத்தார். சுவிற்சர்லாந்தின் டோரா கல்ஃப் அதனை மணல் விளையாட்டுச் சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். அமெரிக்காவில் வேர்ஜீனியா அக்ஸ்லைன் 1947 இல், பிள்ளையே வழிகாட்ட வேண்டும், பெரியவர் பின்தொடர வேண்டும் என்னும் நெறியை எட்டுக் கொள்கைகளாக வகுத்தார். இம்மூவரிடமும் பொதுவாக இருப்பது, பக்கத்தில் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர். விளையாட்டுப் பொருள் தனியே குணப்படுத்தும் என்று இவர்களில் எவரும் கூறவில்லை.

எனவே வெறுமனே பொருளை வாங்கிக் கொடுப்பது என்ற முதல் வழியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. இழப்புக்குப் பின் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைப்பது நல்லதே. ஆனால் வெளிநாட்டிலுள்ள தாய் பார்சலில் அனுப்பும் மின்கல மோட்டார் வாகனம், தானே ஓடித் தானே ஒலியெழுப்பித் தானே நின்றுவிடுகிறது. பிள்ளை செய்ய அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அது அன்பின் அடையாளமாகப் பெறுமதியுடையது, சிகிச்சை அன்று.

குழுச் செயற்பாடுகளுக்கு எமது மண்ணில் ஆழமான முன்னுதாரணம் உண்டு. 1996 இல் மட்டக்களப்பில் இயேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளும் கனடிய ஓவியரான போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பேருந்தில் ஏற்றிவந்து, களிமண், வண்ணம், கதை, நாடகம், விலங்குகள் ஆகியவற்றுக்கிடையே ஒன்றாக விளையாட விட்டது. பிள்ளையிடம் “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்டு வாக்குமூலம் பெறுவதற்குப் பதிலாக, அவரவர் வேகத்தில் கற்பனைக்குள் நுழைய இடம் கொடுத்ததே அதன் சிறப்பு. கிளித்தட்டும் எட்டுக்கோடும் கொக்கான் வெட்டுதலும் வசந்தன் கூத்தின் கோலாட்டமும் கூடச் சிறிய அளவில் இதே பணியைச் செய்கின்றன: தாளம், முறை, தோற்றாலும் மறுபடி சேர்த்துக்கொள்ளும் கூட்டம். உலகம் நிலைகுலைந்த பிள்ளைக்கு, “அடுத்த முறை உன்னுடையது” என்பது சிறிய உறுதிமொழி அன்று.

எனினும் குழு எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மையே செய்யும் என்று கருதுவது தவறு. வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட 9 முதல் 12 வயது வரையான 399 பாடசாலைப் பிள்ளைகளிடையே, ஐந்து வாரங்களில் 15 அமர்வுகளாக நடத்தப்பட்ட ஒரு குழுத் திட்டத்தின் ஆய்வு 2012 இல் வெளியானது. விளையாட்டையும் படைப்பாக்கத்தையும் சிந்தனைப் பயிற்சியையும் இணைத்த திட்டம் அது. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, ஆண் பிள்ளைகள் சில குறிகளில் முன்னேறினர். ஆனால் பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தக் குறிகள் திட்டத்தில் சேராது காத்திருந்த பிள்ளைகளிடம் குறைந்த அளவுக்குச் சேர்ந்தவர்களிடம் குறையவில்லை. இதை வாசித்தபின், பயங்கரக் கனவு காணும் ஒரு பிள்ளையை முப்பது பேர் கொண்ட கூட்டத்தில் நிறுத்தி “கடல் வந்த நாளைக் கீறுங்கள்” என்று சொல்லும் எந்த நிகழ்ச்சியையும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப்பட்ட நிகழ்ச்சியொன்றில், கீறி முடித்த பிள்ளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டி விருந்தினருக்குக் காட்டியதை நேரில் கண்டிருக்கிறேன். பிள்ளையின் படம் பிள்ளைக்குரியது. அதை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையும் பிள்ளைக்கே உரியது.

பயிற்சி பெற்றவரிடம் தனியாகச் செல்லும் வழி, தரத்தில் மிக உயர்ந்தது. கிடைப்பதில் மிக அரியது. வாரத்தில் ஒரு நாள், 45 அல்லது 50 நிமிடங்கள், அதே அறை, அதே ஆள், அதே இடத்தில் அதே பொருட்கள் என்பதே இதன் அடிப்படை. மணல் தட்டின் உட்புறம் நீல வண்ணம் பூசப்பட்டிருக்கும். மணலை விலக்கினால் தண்ணீர் தெரியும். கடற்கரைப் பிள்ளைகள் அந்த நீலத்தைக் கண்டதும் சிலவேளை அவசரமாக மணலால் மூடிவிடுவர், வாரங்கள் கழிந்த பின் தாமாகவே ஒரு மூலையைத் திறப்பர். அந்த இரண்டு செயல்களுக்கும் இடையில் எதையும் கேட்காமல் இருக்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு, கல்முனை ஆதார வைத்தியசாலைகள், பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்கள், பாடசாலைகளின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்கள் ஆகியோரிடமிருந்தே இந்தத் தேடலைத் தொடங்க வேண்டும். அரச சேவைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ பிள்ளையோடு வாராவாரம் பேருந்தில் வருபவருக்கு ஒரு நாட் கூலி போய்விடுகிறது. “பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிற பிள்ளை” என்று அயலில் பேசுவார்களோ, நாளைக்குக் கலியாணப் பேச்சில் குறுக்கே வருமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிய செலவு. இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவோர், அந்த ஊரில் நாளையும் வாழப் போகிறவர்கள் அல்லர். வைத்தியசாலையின் பெயரைச் சொல்லாது “வகுப்புக்குப் போகிறோம்” என்று அழைத்துச் செல்லும் தாய்மாரை நான் குறை கூறமாட்டேன். தனியார் எவரிடமாவது செல்வதாயின், என்ன பயிற்சி பெற்றீர்கள், உங்களை மேற்பார்வை செய்பவர் யார், பிள்ளை சொன்னதை யாரிடம் சொல்வீர்கள், யாரிடம் சொல்லமாட்டீர்கள் என்று நேரடியாகக் கேட்க வேண்டும். இவற்றுக்குச் சினம் கொள்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் வழிக்கு வருகிறேன். பெற்றோரையே பயிற்றுவித்து, தம் பிள்ளையோடு வாரத்தில் ஒருமுறை 30 நிமிடங்கள் சிறப்பு விளையாட்டில் ஈடுபடச் செய்யும் முறையை, அமெரிக்காவின் பேர்னாட் கேர்னியும் லூயிஸ் கேர்னியும் 1960 களில் உருவாக்கினர். பின்னர் கேரி லான்ட்ரெத் அதனைப் பத்து வாரப் பயிற்சியாகச் சுருக்கி அமைத்தார். 1953 முதல் 2000 வரை நடந்த 93 ஆய்வுகளைத் தொகுத்து 2005 இல் வெளியான பகுப்பாய்வொன்றில், விளையாட்டுச் சிகிச்சையின் பயன் பொதுவாகவே பெரிதாகத் தெரிந்தது. சிகிச்சையாளர் நடத்தியபோது 0.72 ஆக இருந்த விளைவளவு (பயன் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும் எண்), பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது 1.15 ஆக உயர்ந்திருந்தது. அவ்வாய்வுகளின் தரம் சீரானதல்ல, எமது சூழலில் நடந்தவையும் அல்ல. ஆகவே எண்களை அப்படியே இங்கு பெயர்த்து நடக்கூடாது. ஆயினும் அவை காட்டும் திசை எனக்கு வியப்பளிக்கவில்லை. சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருக்கிறார். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்ப அமைப்பு இதற்கு ஒரு வகையில் வசதியானது. பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்துக் கலியாணம் செய்வதால், அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் அதே வேலிக்குள்ளோ அடுத்த வேலிக்குள்ளோ இருக்கின்றனர். தாய் வெளிநாட்டில் இருந்தால், பயிற்சி பெற வேண்டியவர் அம்மம்மாவே. இவ்விடயத்தில், பெற்றோர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மம்மாவை வாசலில் காத்திருக்கச் செய்யும் திட்டங்கள் ஆளை மாற்றிக் கூப்பிடுகின்றன. தாயே பெருந்துயரில் மூழ்கியிருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். கணவனை இழந்து நாற்பது நாள் கூட ஆகாத பெண்ணிடம், பிள்ளை தகப்பனைப் புதைக்கும் விளையாட்டை அமைதியாகப் பார்த்துக்கொண்டிரு என்று கேட்பது இரக்கமற்ற செயல். அந்த அரை மணி நேரத்தைச் சின்னம்மா எடுத்துக்கொள்ளட்டும். தாய்க்கு வேறு ஆதரவு தேவை.

முறை எளிது போலத் தோன்றினாலும் பழக நாளெடுக்கும். ஒரு பையில் சில பொருட்களை எடுத்து, அந்த அரை மணி நேரத்துக்கு மட்டுமே அதைத் திறக்க வேண்டும். நாளும் நேரமும் மாறக் கூடாது. கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். பெரியவர் கற்பிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. எம்மவர்க்கு இதுவே பெரும் பாடு, ஏனெனில் பிள்ளையோடு பேசுவது என்றாலே எமக்குக் கேள்வி கேட்பதுதான். “ஏன் சிவப்பால கீறின?” என்று கேட்பதற்குப் பதிலாக, “சிவப்பால நல்லா அழுத்திக் கீறுறாய்” என்று கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். பொம்மை முதலை பொம்மைப் பிள்ளையை விழுங்கினால், “முதலை கூடாது” என்று அறிவுரை சொல்லாமல், “அந்தப் பிள்ளைக்குச் சரியான பயமா இருக்கும்” என்று உணர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அடித்தால், எல்லையை மூன்று படிகளில் சொல்லலாம்: “மகனுக்குக் கோவம் வந்திட்டு. அம்மம்மாக்கு அடிக்க ஏலாது. இந்தத் தலகணிக்கு அடிக்கலாம்.” முதலில் உணர்வு, பின் எல்லை, பின் மாற்று வழி. இந்த வரிசை மாறினால், கண்டிப்பு மட்டுமே பிள்ளையின் காதில் விழும்.

பையில் எதை வைப்பது என்பதில் விலை ஒரு பொருட்டன்று. துணியால் தைத்த குடும்பப் பொம்மைகள், சிறிய சட்டி பானை, மாடு, ஆடு, நாய், பாம்பு, முதலை, தோணி, பேருந்து, நோயாளர் காவு வண்டி, வைத்தியர் பெட்டி, இரண்டு விளையாட்டுத் தொலைபேசிகள், களிமண், வண்ணக் கட்டிகள், ஒரு பேசினில் கடற்கரை மணல் ஆகியவை போதும். பராமரிப்புக்கு உரியன, சினத்தை வெளியிட உரியன, படைக்க உரியன என மூவகையும் இருக்க வேண்டும் என்பதே கவனிக்க வேண்டியது. நாம் வழக்கமாக விட்டுவிடுவது இரண்டாவது வகையை. யானையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ தயாராகும் பொதியில் யானை ஓர் அழகிய குட்டி விலங்கு. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் யானை அடித்துத் தகப்பன் இறந்த பிள்ளைக்கு அது வேறொன்று. அதற்காக யானையை அகற்ற வேண்டும் என்பதில்லை, ஆனால் அது என்னவென்று அறியாமல் பைக்குள் போடக் கூடாது. துப்பாக்கிப் பொம்மையை மேல்நாட்டு நூல்கள் சில அனுமதிக்கின்றன. எமது ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளைக்குத் தேவைப்பட்டால் பூவரசங் கம்பு துவக்காகும். அப்போது அதைப் பறிக்கவும் வேண்டாம்.

இந்த வழி போதாது என்பதை எவ்வாறு அறிவது? 1976 இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பாடசாலைப் பேருந்தோடு கடத்தப்பட்டு நிலத்தடியில் அடைக்கப்பட்ட 26 பிள்ளைகளுள் பெரும்பாலோரை ஆராய்ந்த உளமருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பின்னான ஒருவகை விளையாட்டைப் பிரித்துக் காட்டினார். அது அச்சொட்டாக அதே காட்சியைத் திரும்பத் திரும்ப நடத்தும். மகிழ்ச்சி இராது, முடிவு மாறாது, விளையாடிய பின் பிள்ளை முன்னைவிடப் பதற்றமாக இருக்கும். குணமாக்கும் விளையாட்டிலும் திரும்பச் செய்தல் உண்டு, ஆனால் மெல்ல ஏதாவது அசையும்: ஒரு நாள் தோணி வரும், ஒரு நாள் யாராவது மரத்தில் ஏறித் தப்புவர், ஒரு நாள் நான்காவது சிரட்டை கொஞ்சம் சீக்கிரமாகக் கழுவப்படும். நான்கைந்து வாரங்களாகியும் ஒன்றும் அசையவில்லை என்றால், அல்லது பிள்ளை தன்னைத்தான் காயப்படுத்தினால், செத்துப் போக வேண்டும் என்று சொன்னால், உண்ணாமல் உறங்காமல் மெலிந்தால், வைத்தியரிடம் செல்ல வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. விளையாட்டில் பாலியல் துன்புறுத்தலின் சாயல் தெரிந்தால், பொம்மையை வைத்து வீட்டிலேயே விசாரணை செய்யக் கூடாது. கேட்டுக் கேட்டு எடுத்த விடை பிள்ளைக்கும் ஆகாது, பின்னர் சட்டத்துக்கும் ஆகாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் பொம்மைப் பையைக் கண்டு வெட்கப்படலாம். அவர்களுக்கும், ஒரு குறித்த நிகழ்வின் நினைவால் வதைபடும் பிள்ளைகளுக்கும், நடந்ததைப் பாதுகாப்பாகச் சொல்ல வைக்கும் சிகிச்சைகள் பொருத்தமானவை. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கின் ஒரு தற்காலிக முகாமில் 31 பிள்ளைகளிடையே, வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லும் முறையையும் தியானம் கலந்த தளர்வுப் பயிற்சியையும் ஆறு அமர்வுகள் வீதம் ஒப்பிட்ட ஆய்வு 2009 இல் வெளியானது. ஆறு மாதங்களின் பின், முதற் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர். சிகிச்சை பெறாத குழுவொன்று அதில் இல்லாததால், காலமே எவ்வளவு தேற்றியது என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆயினும் ஆறு அமர்வுகள் என்பது, பேருந்துக் காசு எண்ணும் ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய அளவு. வளர்ந்த பிள்ளைக்கு நான் முதலில் இதையே பரிந்துரைப்பேன்.

எந்த வழியைத் தெரிந்தாலும், தொடங்கும் முன்னரே அது எவ்வாறு முடியும் என்று கேட்டறிவது அவசியம். நிதி முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமையோடு வராமற்போன அக்காமாரையும் அண்ணாமாரையும் முகாம்களின் பிள்ளைகள் பல நாட்கள் வாசலில் பார்த்துக்கொண்டிருந்தனர். சொல்லாமல் போன ஒருவரை ஏற்கெனவே இழந்த பிள்ளைக்கு, அது இரண்டாவது முறை. வீட்டில் செய்தாலும், பத்து வாரமென்றால் பத்து வாரமென்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கு, கொக்கான் கற்கள் பத்தை ஒரு சிரட்டையில் இட்டு, ஒவ்வொரு கிழமையும் விளையாடி முடிந்ததும் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து வைக்கச் சொல்வேன். சிரட்டையில் இரண்டு கற்கள் இருக்கும்போது, மூன்றாவது கல்லைத் தானே எங்கிருந்தோ பொறுக்கிவந்து போடும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் கொடுக்கலாம்.